செங்கல்லுக்குப் பின்னால் நின்ற துரைசானி

டிசம்பர் பிறந்தால் பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் தெரு முழுக்க ஸ்வெட்டரும் மப்ளரும்தான். பால் பாக்கெட் வாங்கப் போகிறவர் குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நடப்பார். அந்தக் குளிரை வெயில் என்று நம்பி இங்கிலாந்திலிருந்து ஒரு தம்பதி வருவார்கள். அவர் முழங்கால் தெரியும் அரை டிராயரில், அந்தம்மா கையில்லாத சட்டையில். எங்கள் தெரு டாக்ஸி டிரைவர் வீட்டு மொட்டை மாடியில் பாயை விரித்து, முதுகு காய்ந்ததும் புரண்டு வயிறு காய, மதியம் முழுவதும் படுத்துக் கிடப்பார்கள். சாயங்காலம் இறங்கி வரும்போது இருவரும் வெந்த இறால் நிறத்தில் இருப்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கறுப்பு என்று சொல்லிவிட்டுப் போன கதைகள் எனக்குச் சில உண்டு. அதனால் கறுத்துப் போவதற்கென்றே கடல் தாண்டி வருகிற மனிதர்களைப் பார்த்தபோது, பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது.

டிரைவர் சுற்றுலா வண்டி ஓட்டுகிறவர். ஹோட்டல்களில் இறங்கும் வெளிநாட்டுக்காரர்களை மைசூர், ஊட்டி என்று சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். இந்தத் தம்பதியும் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் ஒரு தடவை அவர் வீட்டில் சாப்பிட்டதுதான் தாமதம், அடுத்த குளிர்காலத்திலிருந்து பயணத்தின் கடைசி வாரத்தை ஹோட்டலில் கழிக்காமல் அவர் மாடி அறையில் கழிக்க ஆரம்பித்தார்கள். தகரக் கூரை போட்ட அறை அது. ஹோட்டல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று சொன்னார்களாம். எங்கள் தெருவில் அவர்களைத் துரை, துரைசானி என்றுதான் சொல்வோம். பாதி கேலி, பாதி மரியாதை. பக்கத்துத் தெருவுக்குத் துரை கிடையாது என்பதில் எல்லோருக்கும் உள்ளூர ஒரு கர்வம்.

அவர்களைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. சிவாஜி நகர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கண்டக்டருக்கு நன்றி சொன்னார்களாம். கண்டக்டர் தனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாராம். தெருவில் யாராவது அவர்கள் காலை மிதித்துவிட்டால் மிதிபட்டவர்களே மன்னிப்புக் கேட்பார்கள். டிரைவர் மனைவி கையில் மிளகாய் கொஞ்சம் தாராளம். அவள் வைத்த குழம்பைக் கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டுவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கொள்வார்கள். அவர்களுக்குக் காரம் ஆகாது என்று அந்த வீட்டுக்குத் தெரியவே இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

டிரைவருக்கு உலகம் முழுவதையும் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. ஒரு நாட்டுக்காரன் மேப்பை மடியில் வைத்துக்கொண்டு வழி சரிபார்ப்பான், இன்னொரு நாட்டுக்காரன் சாப்பாட்டில் குறை சொல்வான் என்று அடுக்கிக்கொண்டே போவார். கடைசியில், "இங்கிலீஷ்காரன் மட்டும்தாம்மா, என் வண்டி பஞ்சர் ஆனா அவன் எங்கிட்ட சாரி சொல்லுவான்" என்று முடிப்பார்.

எனக்கு எதையும் சும்மா புகழ வராது. ஆனால் அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது எங்கள் தெருக் குழாயோடு சம்பந்தப்பட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகித் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்தேன். கணவருக்கு அடுகோடிப் பகுதியில் லேத் பட்டறை வேலை. முதலில் அங்கேயே அவர் அண்ணன் வீட்டில் இருந்தோம். ஒரே அறை. நடுவில் புடவையைக் கட்டித் தொங்கவிட்டு அந்தப் பக்கம் அண்ணன் குடும்பமும் மாமியாரும், இந்தப் பக்கம் நாங்கள். கணவரிடம் தலைவலி என்று சொல்வதைக்கூடக் காதோடு காதாகச் சொல்ல வேண்டும். அதற்கும் அந்தப் பக்கத்திலிருந்து கை மருந்து யோசனை வரும். எனக்கு டைப்ரைட்டிங் ஹையர் கைவசம் இருந்ததால் ஓசூர் ரோட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பில் அடிக்கும் வேலை கிடைத்தது. அந்தத் தைரியத்தில்தான் நீலசந்திராவில் இந்த வீட்டைப் பிடித்தோம். தெருவின் கடைசி வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. ஆனால் கதவு எங்கள் கதவு, பூட்டு எங்கள் பூட்டு. முதல் நாள் இரவு நாங்கள் இருவரும் ஒரு காரணமுமில்லாமல் சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் எல்லாம் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. தெரு முனையில் ஒரு கார்ப்பரேஷன் குழாய். நல்லி என்று கன்னடத்தில்தான் எல்லோரும் சொல்வார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் வரும். எப்போது வரும், எவ்வளவு நேரம் வரும் என்பது அதன் இஷ்டம். அதற்காக யாரும் போய் நின்றுகொண்டிருக்க மாட்டார்கள். விடிந்ததும் ஒரு பொருளைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்க வந்துவிடுவார்கள். காது போன நீல பக்கெட் தையல்காரர் வீடு. நசுங்கிய டால்டா டப்பா எலக்ட்ரீஷியன் வீடு. ஒற்றைச் செருப்பு, கொட்டாங்கச்சி, அம்மிக் குழவி என்று ஒவ்வொன்றும் ஒரு குடும்பம். தண்ணீர் வந்ததும் குரல் கொடுப்பார்கள். உடனே எல்லோரும் குடத்தோடு ஓடி வந்து அவரவர் பொருளுக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள்.

நான் ஒரு அரைச் செங்கல்லைக் கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் அது சாக்கடை ஓரத்தில் கிடந்தது. அடுத்த முறையும் அப்படித்தான். ஒருநாள் வேலையை எல்லாம் போட்டுவிட்டு நானே நின்று பார்த்தேன். குடங்கள் என்னைத் தாண்டி முன்னால் போயின. சத்தம் போட்டேன். எனக்குச் சத்தம் போடத் தெரியாதா என்ன? மாவு மில்காரரின் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தெருவே அவளை மில் அக்கா என்று கூப்பிடும்.

"இன்னாம்மா சவுண்டு? புதுசா வந்தவங்க கடைசிலதான். இந்த நல்லி வர்றதுக்கு நாங்க காலிக் குடத்தத் தூக்கினு ஆபீஸ் ஆபீஸா அலஞ்சோம். அப்போ நீ எங்க இருந்த?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அவள் முன்னால் நின்று போராடித்தான் அந்தக் குழாயே வந்தது. அதனால் அதன் வரிசையும் அவளுடையது என்று அவள் நினைத்தாள், தெருவும் நினைத்தது. எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய, கடைசியில் நான் போகும்போது குழாயில் காற்றுதான் வரும்.

இரண்டு தெரு தள்ளியிருந்த கைப்பம்பில் அடித்துத் தூக்கிக்கொண்டு வருவேன். பம்பில் கூட்டம் இருந்தால் பஸ் போய்விடும். ஆபீஸுக்குத் தாமதமாகப் போய் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அவர் கடைசியாக ஒருமுறை எச்சரிப்பதாகச் சொல்லிவிட்டார். கணவர் நல்லவர்தான், ஆனால் எதற்கும் சுலபமான வழியைத்தான் பார்ப்பார். "இந்த மாசம் பாக்கலாம். தண்ணிக்கு வழி இல்லன்னா அண்ணன் வீட்டுக்கே போய்டலாம். அவங்களும் வரச் சொல்றாங்க" என்றார். அன்று சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் புடவைத் திரைக்குப் பின்னால் மறுபடி போய் வாழ என்னால் முடியாது என்று தோன்றியது. ஒரு குழாய்த் தண்ணீருக்காக என் கதவும் பூட்டும் போகப் போகிறதே என்று ஆத்திரமாக வந்தது.

அந்த மாதத்தில்தான் துரையும் துரைசானியும் வந்து சேர்ந்தார்கள்.

டிரைவர் மனைவி படியில் சறுக்கிக் கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தாள். தண்ணீரை நான் பிடித்து வருகிறேன் என்று துரைசானி கிளம்பிவிட்டார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. சரி என்று முந்தின சாயங்காலம் டிரைவர் அவருக்கு விதிகளைச் சொல்லிக் கொடுத்தார். அங்கே கல்லும் ஒரு ஆள், டப்பாவும் ஒரு ஆள், எதையும் தொடக்கூடாது, நீங்களும் ஒன்றை வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று. அந்தம்மா முதலில் சிரித்தாராம். பிறகு துருவித் துருவிக் கேட்டாராம். நாய் வந்து செருப்பைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது? ஒரே மாதிரி இரண்டு கல் இருந்தால்? "மைசூர் பேலஸப் பாத்தப்பகூட அந்தம்மா இப்டி வாயப் பொளக்கலம்மா" என்றார் டிரைவர். நிற்காமலேயே வரிசையில் நிற்க இந்த நாட்டில் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று ஊருக்கு எழுதப் போவதாகச் சொன்னாராம்.

மறுநாள் காலை நடந்ததன் முதல் பாதியை டிரைவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போலச் செங்கல்லை வீம்புக்கு வைத்துவிட்டு, எப்படியும் சாக்கடைக்குத்தான் போகும் என்று உள்ளே சமைத்துக்கொண்டிருந்தேன்.

துரைசானி பிளாஸ்டிக் குடத்தோடு வந்து வரிசையின் முடிவைத் தேடினார். என் செங்கல்தான் கடைசியில் இருந்தது. அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஒரு கல்லை வைத்துவிட்டுப் போங்கள் என்று டப்பா வைக்க வந்தவர்கள் கையைக் காட்டினார்கள். முதல் தடவை என்பதால் நிற்க ஆசைப்பட்டாரோ என்னவோ, தொப்பியைச் சரி செய்துகொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சில டப்பாக்கள் வந்து சேர்ந்தன. தண்ணீர் வந்தது, எல்லோரும் ஓடி வந்தார்கள். மில் அக்கா துரைசானியைப் பார்த்ததும், "தொரசானி, நீங்க முன்னாடி வாங்க, மொதல்ல புடிங்க" என்று இடம் விட்டாள். எங்கள் தெருவில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. துரைசானி நன்றி சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். தனக்கு முன்னால் ஆள் இருக்கிறது என்று செங்கல்லைக் காட்டினார்.

"அது யாருதும் இல்ல, சும்னே கெடக்குது" என்று மில் அக்கா பழக்கதோஷத்தில் அதைக் காலால் ஓரம் தள்ளினாள்.

துரைசானி குனிந்து செங்கல்லை எடுத்தார். மண்ணைத் தட்டிவிட்டார். அதனிடம் மன்னிப்புக் கேட்டார். டிரைவர் மனைவி இதைச் சொல்லும்போது சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "சாரின்னு கல்லுகிட்ட சொல்லுது! நான் என் காதால கேட்டேன்!" செங்கல் பழைய இடத்துக்கு வந்தது, துரைசானி அதற்குப் பின்னால் போனார். வரிசை ஒவ்வொரு முறை நகரும்போதும் முதலில் செங்கல்லை ஒரு எட்டு நகர்த்தி வைத்துவிட்டு அப்புறம்தான் தன் குடத்தை நகர்த்தினார். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் செங்கல்லை விடவில்லை.

கடைசியில் செங்கல்லின் முறை வந்தது. முன்னால் இருந்தவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. "புடிங்க, புடிங்க, தண்ணி வேஸ்ட்டா போவுது" என்று பின்னாலிருந்து கூச்சல். துரைசானி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். செங்கல்லைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். அப்புறம் யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு காரியம் செய்தார். குழாயை மூடிவிட்டார்.

ஓடுகிற குழாயை எங்கள் தெருவில் அதுவரை யாரும் மூடியதில்லை. தானாக நிற்பதுதான் அதற்குத் தெரியும். வேறு யாராவது மூடியிருந்தால் அங்கே குடங்கள் பறந்திருக்கும். துரைசானியை என்ன செய்வது? கையைக் கட்டிக்கொண்டு, அவசரமே இல்லாதவர் போல, செங்கல்லுக்குரியவர் வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.

இதற்கப்புறம் நடந்தது எனக்கே தெரியும். உள்ளே குக்கருக்கு முன்னால் நின்றிருந்தேன். வெளியே பல குரல்கள் சேர்ந்து கத்தின. அந்தத் தெருவில் யாரும் அதுவரை என்னைக் கூப்பிட்டதில்லை, அதனால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரியவே நேரமாயிற்று.

"ஏம்மா, கடசி வீட்டுப் பொண்ணு! ஏய் செங்கல்லு! ஜல்தி வா, ஒன்னாலதான் தண்ணி நிக்குது!"

குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வரிசை முழுக்க என்னையே பார்த்தது. துரைசானி முகம் மலர்ந்து, "ஓ, அந்தச் செங்கல் நீங்கள்தானா!" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். குழாயைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அந்தத் தெருவுக்கு வந்து முதல்முறையாக என் குடத்தில் அந்தக் குழாய்த் தண்ணீர் விழுந்தது. குடம் நிரம்பும் வரை அந்தம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். எதற்குத் தெரியுமா? என்னைக் கேட்காமல் என் செங்கல்லை நகர்த்திக்கொண்டே வந்துவிட்டாராம். நான் தவறாக நினைத்துக்கொள்ளக் கூடாதாம்.

அந்த வாரம் முழுவதும் தண்ணீர் வந்த நாளெல்லாம் இதே கூத்துதான். துரைசானி என் கல்லுக்குக் காவல் நின்றார் என்று சொல்ல மாட்டேன். எல்லாக் கல்லுக்கும் டப்பாவுக்கும் அதே மரியாதைதான். ஒருநாள் ஒற்றைச் செருப்பின் முறை வந்தபோதும் குழாயை மூடிவிட்டு நின்றார். ஒருநாள் மில் அக்காவே தாமதமாக வந்தாள், அவளுடைய கொட்டாங்கச்சிக்காகவும் மூடினார். அன்றைக்கு அக்கா அரக்கப்பரக்க ஓடி வந்ததையும், அவளிடமும் அந்தம்மா அதே சிரிப்போடு ஒதுங்கி வழிவிட்டதையும் நான் பார்த்தேன். அக்காவின் முகத்தில் அசடு வழிந்தது.

எனக்கு ஓர் எரிச்சலும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் தொண்டை கிழியக் கத்தியபோது கேட்காதவர்கள், வெள்ளைத் தோல் பேசாமல் நின்றதும் கேட்டார்கள். அந்தக் கோபம் அந்தம்மா மேல் இல்லை. கன்டோன்மென்ட்டைக் கட்டிய காலத்தில் அவருடைய நாட்டுக்காரர்கள் இந்த ஊரில் எந்த வரிசையிலும் நின்றிருக்க மாட்டார்கள். இவருக்கு எங்கள் தெரு முதல் இடத்தைக் கொடுத்தது, அதுவும் கும்பிட்டுக் கொடுத்தது. இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு அரைச் செங்கல்லுக்குப் பின்னால் போய் நின்றார். அந்த மனசு எனக்கு ரொம்பப் பெரிதாகப் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

அவர்கள் கிளம்புகிற அன்று காலையில் டிரைவர் வீட்டு வாசலுக்குப் போனேன். பெட்டிகள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. என் வீடு தப்பித்தது உங்களால்தான் என்று சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் வாக்கியத்தை மனசுக்குள் அடித்து வைத்திருந்தேன். சொல்லியும் விட்டேன். அந்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் என்ன செய்தேன்? வரிசையில்தானே நின்றேன்!" என்று கணவரைத் திரும்பிப் பார்த்தார். துரை தோளைக் குலுக்கினார். புடவைத் திரை, அண்ணன் வீடு, மாமியார் எல்லாவற்றையும் சொல்ல என் ஆங்கிலமும் போதாது, நேரமும் போதாது. அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷமும் நான் செங்கல்லாகவே இருப்பேன் என்று நம்புவதாகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது கணவர், "சரி, அவங்க போய்ட்டாங்க. இனிமே?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். மாதம் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. வீட்டுக்காரரிடம் காலி செய்வதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் இப்போதே சொல்ல வேண்டும்.

அடுத்த தண்ணீர் நாளில் செங்கல்லை வைத்துவிட்டு வந்து உலை வைத்தேன். கை வேலையில் இருந்தது, காது தெருவில் இருந்தது. தண்ணீர் வந்த சத்தம் கேட்டது. குடங்கள் இடிபடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சாக்கடை ஓரத்தில் கிடப்பதைப் பார்ப்பதைவிடப் பார்க்காமலே இருந்துவிடலாம் என்று களைந்த அரிசியையே மறுபடி களைந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. அவ்வளவுதான், இன்றைக்குத் தண்ணீர் முடிந்தது, இந்த வீடும் முடிந்தது என்று நினைத்தேன்.

"ஏய் செங்கல்லு! கல்ல வெச்சிட்டு உள்ள போய்த் தூங்கறியா? ஒனக்கு நாங்க இன்னா வாட்ச்மேனா?"

மில் அக்காவின் குரல். குடத்தோடு வெளியே ஓடினேன். வரிசை அப்படியே நின்றுகொண்டிருந்தது. முன்னால் என் செங்கல், அதற்குப் பின்னால் மில் அக்கா. குழாய் மூடியிருந்தது. அதை மூடிய கையை அவள் இன்னும் அதன் மேலேயே வைத்திருந்தாள்.

"இன்னா பாத்துனு நிக்கிற? புடி. எனக்கு வேற வேல இல்லியா?" என்று குழாயைத் திருப்பிவிட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதற்கும் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு குடத்தை அடியில் வைத்தேன்.